அத்தானின் காலை மாத்திரை

என் அத்தான் எதற்கும் முதலில் சொன்ன விலையை ஒத்துக்கொண்டவரில்லை. துணி மொத்த வியாபாரத்திலேயே தலை நரைத்தவர். அவருக்கு ரத்தப் புற்றுநோய் என்று டாக்டர் சொன்னபோதே, "இதுல கொஞ்சம் இலேசானது எதுவும் இல்லையா?" என்று கேட்ட மனிதர். ஆகவே பூஞ்சை டாக்டர் முதன்முதலாக அறைக்குள் வந்து, நுரையீரலில் பூஞ்சை பிடித்திருக்கிறது, மாதக்கணக்கில் மருந்து சாப்பிட வேண்டும் என்று சொன்னதும், அவர் தலையணையை நிமிர்த்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்த தோரணையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. கடை திறந்தாயிற்று.

"மாசக்கணக்குன்னா எப்படி டாக்டர்? ஒரு வாரம் போட்டுப் பார்ப்போம். சரக்கு நல்லாயிருந்தா மேற்கொண்டு எடுத்துக்கறோம்."

"நான் பேரம் பேசுறதில்லைங்க."

"எல்லாரும் முதல்ல அப்படித்தான் சொல்வாங்க."

பூஞ்சை டாக்டர் என்பது நாங்கள் வைத்த பெயர். புற்றுநோய்க்கு ஒரு டாக்டர், இவர் பூஞ்சைக்கு. குள்ளமான அம்மாள். தொப்பி, முகமூடி, அங்கி எல்லாம் போக எங்களுக்குப் பார்க்கக் கிடைத்தது இரண்டு புருவங்கள் மட்டும்தான். போகப்போக அந்தப் புருவத்தைப் பார்த்தே நிலவரம் சொல்லும் அளவுக்கு நான் தேறிவிட்டேன். அன்றைக்கு அவை அசையவே இல்லை. கறாரான பார்ட்டி.

"இந்தப் பூஞ்சை காத்துல எங்கேயும் இருக்கு. உங்க மச்சானோட மூச்சுலயும் போகுது, என் மூச்சுலயும் போகுது. எங்க உடம்புல காவலுக்கு ஆள் இருக்கு, பிடிச்சு வெளியே தள்ளிடும். உங்க புற்றுநோய்க்குக் குடுத்த மருந்து, கெட்டதோட சேர்த்து காவல்காரங்களையும் அனுப்பிடுச்சு. கடை திறந்து கிடக்குது, உள்ளே ஆள் இல்லை. அதான் இது வந்து உக்காந்துக்கிச்சு."

ஆளில்லாத கடை என்றதும் அத்தானின் முகம் மாறியது. இதற்கு முன் ஆறேழு டாக்டர்கள் படம் போட்டெல்லாம் விளக்கியிருக்கிறார்கள். எதுவும் அவர் மண்டையில் ஏறியதில்லை. இது ஏறியது.

"எந்த அளவுல இருக்கு?" என்று கேட்டார்.

"ஒரு பெரிய கோட்டுப் பட்டன் அளவு."

"எந்த அளவுக்கு வந்தா உங்களுக்குத் திருப்தி?"

"சட்டைப் பட்டன்."

"நடுவுல, ஸ்வெட்டர் பட்டன்ல முடிச்சுக்கலாமே?"

அப்போதுதான் முதல் முறையாக அந்தப் புருவங்கள் ஏறின. சிரிப்பா கோபமா என்று தெரியவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் உட்கார்ந்தார்.

"நல்லாக் கேட்டுக்கங்க. உங்க தங்கச்சியோட எலும்பு மஜ்ஜை உங்களுக்குப் பொருந்தியிருக்கு. அதை உங்களுக்கு ஏத்தினாத்தான் புற்றுநோய் திரும்பி வராம இருக்க வழி. ஆனா ஏத்துறதுக்கு முன்னாடி, உடம்புல மிச்சம் மீதி இருக்கிற காவலையும் நாங்களே கலைச்சிடுவோம். அந்த நேரத்துல இந்தப் பூஞ்சை இதே அளவுல உள்ளே இருந்துச்சுன்னா, நுரையீரலைத் தின்னுடும். அதனால அடுத்த ஸ்கேன்ல இது சுருங்கியிருக்கணும். சுருங்கலைன்னா மஜ்ஜை கிடையாது. இதுல நடுவுல ஒரு விலை இல்லை."

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அத்தான் நிமிர்த்தி வைத்த தலையணையைச் சாய்த்துப் போட்டுக்கொண்டு படுத்தார். அக்காவைக் கட்டிய நாளிலிருந்து நான் அவரைப் பார்க்கிறேன். பேரம் படியாமல் அவர் கடையை மூடியதை அன்றுதான் பார்த்தேன்.

*

ஊசி வழியாக ஏறிய மருந்து மாத்திரையானதும் வீட்டுக்கு அனுப்பினார்கள். கிளம்பும்போது பூஞ்சை டாக்டர் விதிமுறைகளைச் சொன்னார். தூசி ஆகாது, பூந்தொட்டி ஆகாது, ஈரச் சுவர் ஆகாது, கட்டட வேலை நடக்கும் பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூடாது. கோடவுன் இருக்கிற திசைக்கே போகக்கூடாது. அங்கே பழைய துணிப்பொதிகளின் மேல் படிந்திருக்கும் தூசியில் இந்தப் பூஞ்சை குடும்பம் குட்டியோடு வாழும். மாத்திரை காலையும் மாலையும், வெறும் வயிற்றில். சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் நடுவே முழுசாக ஒரு மணி நேரம். வெயில் படக்கூடாது.

"மாத்திரை போட்ட கொஞ்ச நேரத்துல கண்ணுல வெளிச்சம் மினுங்கலாம், நிறம் மாறித் தெரியலாம். பயப்படாதீங்க, அரை மணி, ஒரு மணியில தானா சரியாயிடும். வேற என்ன தொந்தரவுன்னாலும் எனக்கு போன் பண்ணுங்க."

இதை அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது அத்தான் வேறு பக்கம் பேரத்தில் இருந்தார். கோடவுனுக்குள் போகவேண்டாம், சரி. வாசலில் நின்று ஒரு குரல் கொடுக்கலாமா? வாசலில் வேண்டாமென்றால் எதிர்ச் சாரியில்? காருக்குள் உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு? ஒவ்வொன்றுக்கும் நர்ஸ் தலையாட்டி மறுத்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் அக்கா ஆட்சிக்கு வந்தாள். தொட்டிச் செடிகள் அத்தனையும் பக்கத்து வீட்டுக்கு நாடு கடத்தப்பட்டன. திரைச்சீலைகள் கொதிநீரில் வெந்தன. குளியலறை மூலையில் பல வருஷமாகக் குடியிருந்த ஈரக்கறை சுரண்டப்பட்டு, பெயிண்ட் பூசப்பட்டது. தெருவில் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டியபோது ஜன்னல்களை டேப் போட்டு ஒட்டினாள். நலம் விசாரிக்கப் பூங்கொத்தோடு வந்த சம்பந்தி வீட்டாரை வாசலிலேயே நிறுத்தினாள்.

"பூவை நீங்களே வச்சுக்கங்க. உங்களை உள்ளே விடலாமான்னு யோசிக்கிறேன்."

அத்தான் உள்ளேயிருந்து, "பூவை விட்டுட்டு அவங்களைத் திருப்பி அனுப்பு, இல்லைன்னா அவங்களை விட்டுட்டுப் பூவை அனுப்பு, வாசலை அடைச்சுக்கிட்டு நிக்காதே" என்று குரல் கொடுத்தார். சம்பந்தி அதை ரசித்ததாகத் தெரியவில்லை.

மாத்திரை விஷயத்திலும் தினம் ஒரு சந்தை.

"முக்கால் மணி நேரம் ஆச்சு. சாப்பாட்டை வை."

"இன்னும் கால் மணி இருக்கு."

"போட்ட மாத்திரை வயித்துல கடிகாரம் கட்டிக்கிட்டா உக்காந்திருக்கும்?"

"அது கட்டலை. நான் கட்டியிருக்கேன்."

அக்காவும் எங்கள் வீட்டில் பிறந்தவள்தானே. ஒரு நிமிஷம் இறங்கமாட்டாள்.

*

அத்தானின் கண்ணைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். துணித் தெருவில் அவருக்கு 'ஷேடு கார்டு' என்று பெயர். ஆலைகள் நிறங்களின் மாதிரித் துண்டுகளை ஒட்டி அனுப்பும் அட்டைக்குத்தான் அந்தப் பெயர். ஆனால் எங்கள் தெருவில் அட்டையை யாரும் பார்ப்பதில்லை, அவரைத்தான் பார்ப்பார்கள். ஒரே நிறம் என்று ஆலை சொல்லும், இல்லை என்று கடைக்காரர் சொல்வார், இருவரும் துணியைத் தூக்கிக்கொண்டு எங்கள் கடைக்கு வருவார்கள். அத்தான் துண்டை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், கொஞ்சம் சாய்த்துப் பார்த்து, "ரெண்டும் வேற சாயத் தொட்டியில முக்கினது" என்பார். அதற்கு மேல் அப்பீல் கிடையாது. காலை வெளிச்சத்தில்தான் பார்ப்பார். பல்பு வெளிச்சத்தில் நிறம் பார்ப்பவனை அவர் வியாபாரியாகவே மதிப்பதில்லை.

உடம்பு இப்படியான பிறகும் அந்த வேலையை அவர் விடவில்லை. கடை திறந்ததும் எங்கள் சேல்ஸ்மேன் நெட்டை, ஆலையிலிருந்து புதிதாக வந்த துணியில் துண்டு வெட்டி, பிளாஸ்டிக் உறையில் ஒட்டி, உறையைத் துடைத்துக் கொண்டுவருவான். அத்தான் மூடிய ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, உறையைப் பிரிக்காமலே பார்த்துச் சரி, தப்பு சொல்வார். அதுவும் காலை மாத்திரையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் அமைந்தன.

ஒரு பள்ளிக்கூடத்துக்குச் சீருடைத் துணி போனது. நீலச் சட்டை. இரண்டு தடவையாக வந்த துணி. இரண்டையும் அத்தான்தான் பார்த்து, "ஒண்ணுதான், அனுப்பு" என்றார். சட்டை தைத்து, பிள்ளைகள் மைதானத்தில் வரிசையில் நின்ற அன்று தலைமையாசிரியை எனக்கு போன் செய்தார்.

"சார், பாதிப் பிள்ளைங்க நீலமா இருக்காங்க. மீதி கத்தரிக்காய் மாதிரி இருக்காங்க. எந்தப் பாதி எங்க பள்ளிக்கூடம்?"

துணியைத் திருப்பி எடுத்துக்கொண்டோம். அது வியாபாரத்தில் நடப்பதுதான். ஆனால் தெரு சிரித்தது. இத்தனை காலம் அத்தானின் தீர்ப்பில் தோற்றவர்கள் எல்லாரும் ஒரே நாளில் உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரிக்க வந்தார்கள். ஒருவர் கத்தரிக்காய் வாங்கி அனுப்பினார். அத்தானும் கூடவே சிரித்தார். பிறகு இரண்டு மூன்று நாள் யாரிடமும் பேரம் பேசவில்லை. அக்கா வைத்ததைச் சாப்பிட்டார், சொன்ன நேரத்துக்குச் சாப்பிட்டார். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

நல்லவேளை, அது நீடிக்கவில்லை. அடுத்த வாரமே பழைய அத்தான் திரும்பினார். அன்று காலை நானே துண்டுகளைக் கொண்டுபோயிருந்தேன். அக்கா எங்கள் கண்ணெதிரில் மாத்திரையைக் கொடுத்தாள், அவர் தண்ணீர் குடித்தார், கொஞ்ச நேரம் ஊர்க்கதை பேசினோம். பிறகு கருநீலத்தில் இரண்டு துண்டு நீட்டினேன். கடையில் நான், நெட்டை, கணக்குப்பிள்ளை மூன்று பேரும் பார்த்து ஒன்றே என்று முடிவு செய்த துணி.

அத்தான் சாய்த்தார். நிமிர்த்தினார். உதட்டைப் பிதுக்கினார்.

"இதுல ஒரு சொட்டு சிவப்பு கூட விழுந்திருக்கு. திருப்பி அனுப்பு."

ஆலைக்கு போன் போட்டேன். முதலில் குதித்தார்கள். பிறகு பார்த்துவிட்டு, "ஆமாங்க, தொட்டி மாறிடுச்சு" என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. தெருவில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு போனேன். கத்தரிக்காய் அனுப்பியவர் கடைக்குள் போய் இரண்டு தடவை சொன்னேன்.

மத்தியானம் பூஞ்சை டாக்டர் போன் செய்தார்.

"முந்தாநாள் எடுத்த ரத்தத்துல உங்க அத்தானுக்கு மருந்து ரொம்பக் குறைவா இருக்கு. இருக்க வேண்டியதுல பாதிகூட இல்லை. வேற ஏதாவது மருந்து, நாட்டு வைத்தியம்னு சாப்பிடுறாரா?"

"எங்க அக்காவைத் தாண்டியா? வாய்ப்பே இல்லைங்க."

"அப்போ அவர் உடம்பு மருந்தைச் சீக்கிரமா எரிச்சிடுது போல. சில பேருக்கு அப்படி. நாளைக்குக் காலையில மாத்திரை போடாம கூட்டிட்டு வாங்க. மறுபடி ரத்தம் எடுத்துட்டு, அளவை ஏத்திப் பார்க்கலாம். ஸ்கேனுக்கு ரொம்ப நாள் இல்லை, தெரியுமில்ல?"

தெரியும். அத்தானின் தங்கை வெளிநாட்டிலிருந்து கிளம்ப லீவு எழுதிக் கொடுத்துவிட்டாள். ஸ்கேன் சரியில்லை என்றால் அவள் வந்தும் பயனில்லை.

போனை வைத்துவிட்டுக் கல்லாவில் உட்கார்ந்தேன். வியாபாரத்தில் இப்படி ஒரு நிலைமை வருவதுண்டு. ஆலையிலிருந்து சரக்கு ஏற்றிவிட்டதாகச் சொல்வார்கள். கோடவுனில் சரக்கு இருக்காது. சரக்கு ஆவியாகப் போகாது. வழியில் யாரோ இறக்கியிருக்கிறார்கள். மாத்திரை வாய்க்குள் போனதை நானே பார்த்தேன். ரத்தத்தில் இல்லை.

அந்தக் கருநீலத் துண்டு என் முன்னால் கிடந்தது. மாத்திரை போட்ட கொஞ்ச நேரத்தில் நிறம் மாறித் தெரியும் என்று டாக்டர் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நீலத்தையும் கத்தரிக்காயையும் ஒன்று என்ற கண், இன்று காலை மாத்திரை போட்ட அரை மணியில் ஒரு சொட்டுச் சிவப்பைப் பிடித்திருக்கிறது. நான் ஊரெல்லாம் கொண்டாடிவிட்டு வந்தது என்னவென்று புரிந்ததும் எனக்கு வேர்த்தது.

*

அக்காவிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அத்தான் ஆஸ்பத்திரி வரைக்கும் முழுசாக வந்து சேர்ந்திருக்கமாட்டார். பையில் இரண்டு துண்டுத் துணியைப் போட்டுக்கொண்டு போனேன்.

ரத்தம் எடுத்து முடிந்தது. டாக்டர், "காலை மாத்திரை கொண்டுவந்தீங்களா?" என்றார்.

"வீட்டுக்குப் போய்ப் போட்டுக்கறேன் டாக்டர். அங்கேதான் எனக்கு வசதி."

"அக்கா பையில இருக்கே, இங்கேயே போட்டுடுங்க அத்தான்" என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினேன்.

சொந்தப் பங்காளியை எதிர்க்கடைக் கல்லாவில் பார்த்தவர் மாதிரி என்னைப் பார்த்தார். ஆனால் டாக்டரும் பார்த்துக்கொண்டிருந்தார். போட்டுக்கொண்டார். தண்ணீர் குடித்தார்.

"வாயைத் திறங்க அத்தான்."

"என்னடா இது?" என்றாள் அக்கா. "அவரென்ன குழந்தையா?"

"குழந்தைன்னா நம்பலாம்க்கா."

டாக்டரின் புருவம் லேசாக என் பக்கம் திரும்பியது. அத்தான் வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கி, கன்னத்தைக் காட்டினார். காலி. இன்னொரு மடக்குத் தண்ணீர் கொடுத்து, பேச்சை ஆலைகள் பக்கம் திருப்பினேன். அரை மணி நேரம் ஓடியது, டாக்டரும் வேறொரு நோயாளியைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். பிறகு பையிலிருந்து இரண்டு துண்டையும் எடுத்தேன்.

"அத்தான், ஒரு சின்னச் சந்தேகம். இந்த ரெண்டும் ஒண்ணா?"

"இப்போ எதுக்கு?"

"பார்ட்டி அவசரப்படுத்துது."

நடைபாதைக் கோடியில் பெரிய ஜன்னல். நல்ல வெளிச்சம். அத்தான் அங்கே போய் நின்று, சாய்த்தார், நிமிர்த்தினார். கண்ணைக் கசக்கினார். எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை, ஆனால் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

"ஒண்ணுதான்" என்றார். "நல்ல சாம்பல் கலர்."

ஒன்று சாம்பல். மற்றது பிஸ்தா பச்சை. ட்ரே தூக்கிக்கொண்டு போன நர்ஸ் நின்று இரண்டையும் பார்த்து, அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள்.

"இந்த ஜன்னல் சரியில்லை."

"நேத்துக் காலையில, மாத்திரை போட்டு இதே நேரத்துல, கருநீலத்துல ஒரு சொட்டுச் சிவப்பைப் பிடிச்சீங்களே அத்தான். அது எந்த ஜன்னல்?"

டாக்டருக்கு உடனே விளங்கிவிட்டது. சுவரில் சாய்ந்துகொண்டார். அக்காவுக்கு ஒரு கணம் கழித்து விளங்கியது.

"என் கண்ணு முன்னாடிதானே முழுங்கினீங்க?"

"தண்ணியை முழுங்கினேன்."

"மாத்திரை?"

அத்தான் சட்டைப் பையிலிருந்து மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுத்தார். திறந்தார். உள்ளே மாத்திரைகள், பல் பட்ட தடம் கூட இல்லாமல், வரிசையாக அடுக்கியிருந்தன.

"தூக்கிப் போடலை" என்றார், அதற்காவது ஒரு மதிப்புக் கிடைக்கும் என்ற குரலில். "வாங்கின சரக்கை எப்படித் தூக்கிப் போடுறது? சாயங்கால மாத்திரை எல்லாம் ஒழுங்காப் போட்டிருக்கேன். காலையில மட்டும்தான்..." டாக்டர் பக்கம் திரும்பினார். "இதை எல்லாம் இப்போ ஒண்ணாப் போட்டுட்டா கணக்கு நேராயிடுமா டாக்டர்?"

"ஆயிடும். உங்க ஈரலோட கணக்கும் சேர்ந்து முடிஞ்சிடும்."

அக்கா அந்தக் கூட்டைப் பிடுங்கி மூடினாள். அவளுக்குக் கோபம் வந்தால் தெரு திரும்பும். அன்றைக்குப் பக்கத்தில் இருந்த எனக்கே காது கொடுத்துக் கேட்க வேண்டியிருந்தது.

"எலும்பைக் குடுக்க ஒருத்தி அங்கே பெட்டி கட்டிட்டு உக்காந்திருக்கா. இங்கே நான் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து... நீங்க நீலத்துக்கும் ஊதாவுக்கும் நடுவுல உக்காந்துக்கிட்டு..." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

அத்தான் ஜன்னலைப் பார்த்தபடியே பேசினார்.

"பேச நீ இருக்கே மாப்ளே. பில் போட நெட்டை இருக்கான். கடையில நான் யாரு? அந்தக் கண்ணுதானே? நுரையீரல் எப்படியிருக்குன்னு எவனுக்குத் தெரியும். கண்ணு போச்சுன்னா கத்தரிக்காய் வருது வீட்டுக்கு. இந்த மாத்திரை மாசக்கணக்குன்னாங்க. அதுக்குள்ள கண்ணு மொத்தமாப் போயிடும்னு..."

"யார் சொன்னா, போயிடும்னு?" என்றார் டாக்டர்.

"யாரும் சொல்லணுமா? போயிட்டிருக்கே!"

"போகலை. மாத்திரை போட்ட கொஞ்ச நேரத்துக்கு மட்டும்தான் அப்படி. அப்புறம் பழையபடி. இதை வீட்டுக்கு அனுப்புற அன்னைக்கே சொன்னேன்."

"அன்னைக்கா? அன்னைக்கு நான் கோடவுன் வாசலைப் பத்திப் பேசிட்டிருந்தேன்."

டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, "உக்காருங்க. எங்கேயும் போகாதீங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போனார்.

நாங்கள் மூவரும் அந்த ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தோம். அத்தான் மடியில் இரண்டு துண்டும் கிடந்தன. நடுநடுவே எடுத்துப் பார்ப்பார், வைப்பார். ஒரு தடவை எடுத்தவர் கீழே வைக்கவில்லை. எழுந்து கண்ணாடிக்குப் பக்கத்தில் போனார். சாய்த்தார்.

"டேய் மாப்ளே."

"சொல்லுங்க."

"இது பச்சைடா!" ஆஸ்பத்திரி என்பதையும் மறந்து கத்தினார். "பிஸ்தா! அதுவும் சுத்தமான பிஸ்தா இல்லை, ஓரத்துல மஞ்சள் அடிக்குது. எவன் முக்கினான் இதை? இதையா வாங்கிப் போட்டிருக்கே? கண்ணை எங்கே அடகு வச்சிருந்தே?"

என் ஆயுளில் இவ்வளவு சந்தோஷமாக நான் திட்டு வாங்கியதில்லை. அக்கா அழுதுகொண்டே சிரித்தாள்.

டாக்டர் திரும்பி வந்தார். அத்தான் பிஸ்தாத் துண்டை அவர் முகத்துக்கு நேரே நீட்டி விளக்கம் சொன்னார். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"சரி. இனிமே விடிஞ்சதும் மாத்திரை. அப்புறம் சாப்பாடு. அப்புறம் ஷேடு. கண்ணுக்கு நேரம் கிடைச்சிடும். இவ்வளவுதானே?"

"இவ்வளவுதானா?"

"இதுக்கும் மேல தொந்தரவா இருந்தா, கண்ணைத் தொடாத வேற மாத்திரையும் இருக்கு. ஆனா உங்க பூஞ்சைக்கு இதுதான் நல்லா வேலை செய்யும், அதனால முதல்ல இது. நீங்க ஒரு வார்த்தை வாயைத் திறந்திருந்தா அன்னைக்கே நேரத்தை மாத்தியிருப்பேன்."

அத்தானின் முகத்தில் ஈயாடவில்லை. மாத்திரையைத் துப்பியது கண்டுபிடிக்கப்பட்டபோது கூட அவர் அப்படி நொறுங்கிப் போகவில்லை.

"அப்போ," என்றார் மெதுவாக, "பேரத்துக்கு இடம் இருந்துச்சா?"

"தாராளமா இருந்துச்சு."

"கோடவுன் வாசலுக்கெல்லாம் பேசினேன். இதுக்குப் பேசாம விட்டுட்டேனே மாப்ளே!"

*

அன்றிலிருந்து அத்தான் வாயைத் திறந்தவர்தான். எதையும் மறைப்பதில்லை என்று டாக்டரிடம் சத்தியம் செய்திருந்தார். மனிதர் வாக்குத் தவறமாட்டார். மூக்கு அரித்தால் போன். கொட்டாவி நீளமாக வந்தால் போன். பூஞ்சை டாக்டர் ஒரு கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தபோது, நகம் வளரும் வேகத்தில் சந்தேகம் என்று போன். அந்த அம்மாள் ஒரு தடவை கூட அலுத்துக்கொள்ளவில்லை.

விடியற்காலையில் எழுப்பும் அக்காவோடு மட்டும் பேரம் தொடர்ந்தது.

"இன்னும் விடியலை."

"விடிஞ்சாச்சு, கண்ணைத் திறங்க."

"திறந்தாத்தானே விடியும்!"

ஒரு சாயங்காலம் அவர் போன் செய்தது வேறு விஷயத்துக்கு.

"டாக்டர், கண்ணை மூடினா மாடிப்படியில ஒரு குதிரை நிக்குது."

"எப்போதிலிருந்து?"

"நேத்திலிருந்து. ஒண்ணும் செய்யலை, சும்மா நிக்குது. பழுப்பு நிறம். வால் மட்டும் கொஞ்சம் செம்பு கலந்த பழுப்பு."

அக்கா தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். எனக்கும் சிரிப்பதா பயப்படுவதா என்று புரியவில்லை. டாக்டர் சிரிக்கவில்லை. மறுநாளே வரச்சொல்லி ரத்தம் எடுத்தார். இப்போது மருந்து எல்லை தாண்டி ஏறியிருந்தது. குறைந்தால் பூஞ்சை தப்பிக்கும், கூடினால் குதிரை வரும். இரண்டுக்கும் நடுவே நிறுத்தவேண்டும் என்று விளக்கி, அளவைக் கொஞ்சம் குறைத்தார்.

குதிரை போய்விட்டது. அத்தான் அதைப் பற்றிக் கவலைப்படவே இல்லை. வாசலுக்கு வந்தவர் போனவரிடமெல்லாம் ஒரே பெருமை.

"மாத்திரையைக் குறைச்சுக்கிட்டாங்க. கறாரான பார்ட்டி. நான் பேசினேன், குறைச்சுக்கிட்டாங்க!"

ஸ்கேன் நாள் வந்தது. எடுத்துவிட்டு அத்தானோடு வெளியே உட்கார்ந்திருந்தோம். அக்காவின் கை அவர் கைக்குள் இருந்தது. எதிர்ச் சுவரில் என்ன நிறம் பூசியிருக்கிறது என்று கேட்டு நான் பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். "மட்டமான நிறம்" என்றதோடு நிறுத்திக்கொண்டார்.

டாக்டர் கூப்பிட்டார். திரையில் பழைய படமும் புதிய படமும் பக்கத்தில் பக்கத்தில். எனக்கு இரண்டும் மேகமூட்டமாகத்தான் தெரிந்தன. அத்தான் நாற்காலியை முன்னால் இழுத்தார்.

"கறுப்பு வெள்ளைதானே? இதுல என்னை யாரும் ஏமாத்த முடியாது." பழைய படத்தில் ஓர் இடத்தைத் தொட்டார். புதிய படத்தில் அதே இடத்துக்கு விரலைக் கொண்டுபோனார். அங்கே மெல்லிய கீற்று மட்டும் இருந்தது. விரல் அங்கேயே நின்றது. "டாக்டர், இங்கே இருந்தது எங்கே?"

"சுருங்கிடுச்சு. மிச்சமிருக்கிறது தழும்பு மாதிரி." அந்தப் புருவங்கள் இரண்டும் ஒன்றாக மேலே ஏறி, அங்கேயே நின்றன. இம்முறை அது சிரிப்புத்தான். முகமூடிக்கு மேல் கன்னம் கூடத் தெரிந்தது. "மஜ்ஜை டாக்டர்கிட்ட பேசிட்டேன். அடுத்த வாரம் சேர்ந்துக்கலாம். மாத்திரை மட்டும் அப்புறமும் தொடரணும், புதுக் காவல் நல்லா வேரூன்றுற வரைக்கும்."

அக்கா எழுந்து வெளியே போய், நாத்தனாருக்கு போன் போட்டு, "டிக்கெட்டைப் போட்டுடு, போட்டுடு" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். கதவுக்கு இந்தப் பக்கம் எங்களுக்குக் கேட்டது. அத்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

டாக்டர் கோப்பை மூடினார். "வேற ஒண்ணுமில்லையே?"

எழுந்திருக்கப்போன அத்தான் மறுபடி உட்கார்ந்தார்.

"இருக்கு டாக்டர். இடது கால் சுண்டுவிரல்ல லேசா ஒரு அரிப்பு. அப்புறம் கழுத்துல பின்பக்கம் சிவந்திருக்கு, செங்கல் சிவப்பு இல்லை, அதுக்கு ஒரு படி கீழே. அப்புறம் தண்ணி குடிச்சா காதுல ஒரு சத்தம்..."

"மாப்ளே," என்று என்னைத் திரும்பிப் பார்த்தார், "நீ வெளியே இரு. இன்னும் நிறைய இருக்கு."

நான் கதவு வரைக்கும்தான் போனேன். பூஞ்சை டாக்டர் வாசலில் காத்திருந்த நோயாளியிடம் ஐந்து நிமிஷம் என்று கையைக் காட்டிவிட்டு, நாற்காலியை அவருக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"முதல்ல கழுத்தைக் காட்டுங்க. வெயில்ல நின்னீங்களா?"

"வெயில்ல இல்லை டாக்டர்," என்றார் அத்தான். "கோடவுனுக்கு எதிர்ச் சாரியில."